ஜன்னல் என்று பேர் வைத்த ரேடியேட்டர்

அத்தியாயம் பதினேழு

போன வாரம் மருமகளைக் கறுத்துப்போன திரைக்கு முன்னால் உட்காரவைத்துவிட்டு வந்துவிட்டோம். ஆஸ்பத்திரிக் கட்டடத்தின் படங்களை நாளைக் காலைக்குள் எஞ்சினீயருக்கு அனுப்பியாக வேண்டும். பாதிப் படம் முடிவதற்குள் கம்ப்யூட்டர் சூடு தாங்காமல் தானாகவே அணைந்துபோயிற்று.

புதிதாகப் படிக்க வந்தவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இன்னும் கட்டாத கட்டடத்தைக் கட்டி முடித்தது போலவே படமாக்கிக் கொடுப்பது இந்த வீட்டு மகனின் தொழில். மழையில் வழுக்கிய பைக் அவனைக் கொண்டுபோய்விட்டது. அவன் விட்ட வேலையை அவன் நாற்காலியில் உட்கார்ந்து அவன் மனைவி செய்கிறாள். அவள் சொந்தமாகப் பிடித்த முதல் வேலை இந்த ஆஸ்பத்திரி.

சாவதற்கு இரண்டு வருஷம் முன்பிருந்தே மகனும் அவன் அப்பாவும் பேசிக்கொள்வதில்லை. ஏன் என்று இதுவரை நான் சொல்லவில்லை. வேண்டுமென்றே இழுத்தடிக்கிறேன் என்று சிலர் கோபித்துக்கொண்டீர்கள். கல்யாணமாகி வந்த மருமகளுக்கே தெரியாதபோது உங்களுக்கு மட்டும் நான் எப்படிச் சொல்வது?

இன்று அவளுக்குத் தெரியப்போகிறது.

காலையில் மாமியார் காப்பியோடு அறைக்குள் வந்தாள். மருமகள் கம்ப்யூட்டரின் கண்ணாடிக் கதவைக் கழற்றிச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே கையை விட்டிருந்தாள்.

"திரும்பவும் நின்னுடுச்சா?"

"நின்னுடுச்சு அத்தை. இன்னொரு ஜன்னல் போட்டாத்தான் சரிப்படும்."

மாமியார் சுவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"இந்தச் சுவத்துலயா? சுவத்தை இடிச்சா உங்க மாமா நம்ம ரெண்டு பேரையும் இடிச்சுடுவாரு."

மருமகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இப்போதெல்லாம் அந்த வீட்டில் யாருக்காவது சிரிப்பு வந்தால், ஏதோ தப்புப் பண்ணிவிட்டது போல உடனே வாயை மூடிக்கொள்வார்கள். அவளும் மூடிக்கொண்டாள்.

"சுவத்துல இல்ல அத்தை, இதுக்குள்ள. இந்தக் குழாய்ல தண்ணி ஓடுதில்ல, அது உள்ள இருக்கற சூட்டையெல்லாம் வாங்கிட்டு மேல போகும். மேல இந்த ஜன்னல்ல சூட்டை விட்டுட்டு, ஆறிப்போய்த் திரும்பி வரும். முன்னாடி படம் வரையற கார்டு ஒண்ணுதான் இருந்தது. போறதுக்குக் கொஞ்ச நாள் முன்னாடி அவர் இன்னொரு கார்டும் வாங்கிப் போட்டார். ரெண்டோட சூட்டுக்கு ஒரு ஜன்னல் பத்தல. குளிர்ல எப்படியோ ஓடிடுச்சு. இந்த வெயிலுக்குத் தாங்கல."

"இதுக்குப் பேரே ஜன்னலா?"

"அது அவர் வெச்ச பேரு. நிஜப் பேரு ரேடியேட்டர்."

மாமியார் காப்பியை மேசையில் வைத்த வேகத்தில் பாதி சிந்தியது. திரும்பிப் போய் அறைக்கதவைச் சாத்தினாள்.

"மெதுவா பேசும்மா. கூடத்துலதான் இருக்காரு."

"என்ன அத்தை, நான் என்ன சொல்லிட்டேன்?"

"இந்த வீட்டுல அந்த வார்த்தையைச் சொல்றதில்ல."

மருமகளுக்கும் அவள் கணவனுக்கும் இடையில் ஜன்னல் என்பது ஒரு செல்லப் பேச்சு. "ஜன்னலைத் தொடைச்சியா?", "ஜன்னல்ல தூசி அடைஞ்சிருக்கு பாரு" என்று அவன் சொல்லும்போதெல்லாம் அவளும் சிரித்துக்கொண்டு கூடச் சேர்ந்துகொள்வாள். மெல்லிசுச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு காது இருக்கிறது, அந்தக் காதில் ரேடியேட்டர் என்ற சொல் மட்டும் விழக்கூடாது என்று அவன் பயந்தது அவளுக்கு இத்தனை நாள் தெரியவில்லை.

மாமியார் கட்டிலில் உட்கார்ந்து கதையைச் சொன்னாள்.

மாமனார் பஸ் டிப்போவில் ரேடியேட்டர் மெக்கானிக். ஒரு நாள் அந்தப் பிரிவையே மூடி, வேலைக் காலம் மிச்சமிருக்கும்போதே ஆட்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அந்த வாரம் கூட வேலை பார்த்தவர்கள் ஆறுதல் சொல்ல வந்து கூடம் நிறைய உட்கார்ந்திருந்தார்கள். அந்த நேரம் பார்த்து மகன் அறையிலிருந்து வெளியே வந்தான்.

"அப்பா, கம்ப்யூட்டருக்கு ரேடியேட்டர் போடறேன். உள்ள காத்து மாட்டிக்கிட்டா எப்படிப்பா வெளியேத்தறது?"

வந்திருந்தவர்களில் ஒருவர் தொடையைத் தட்டிச் சிரித்தார். "கம்ப்யூட்டருக்கு ரேடியேட்டரா! உன் பையன் உன்னை நல்லா ஓட்டறான்யா!" கூடமே சிரித்தது.

மாமனார் சிரிக்கவில்லை. "என் பொழப்புல மண்ணு விழுந்தது உனக்கு விளையாட்டா இருக்கா? போ உள்ள. இனிமே என்கிட்ட எதுவும் கேக்காதே" என்றார்.

மகன் போனான். அதற்கப்புறம் எதுவும் கேட்கவில்லை. நான் விளையாட்டுக்குக் கேட்கவில்லை அப்பா என்று ஒரு வரி சொல்லியிருந்தால் தீர்ந்திருக்கும். சொல்ல மாட்டான். என்னடா அது, எதற்குக் கேட்டாய் என்று அவராவது திருப்பிக் கேட்டிருக்கலாம். கேட்க மாட்டார். ரோஷத்தில் அப்பனும் பிள்ளையும் ஒரே அச்சு. எனக்கே சில சமயம் இருவரையும் பிடித்து உலுக்க வேண்டும் போல இருக்கும்.

"நானும் அவன் கிண்டல்தான் பண்றான்னு நெனச்சேம்மா" என்றாள் மாமியார். "அப்பா மனசு நொந்திருக்கற நேரத்துல இப்படியாடா பேசுவேன்னு நானும் வாங்கு வாங்குன்னு வாங்கினேன். கம்ப்யூட்டருக்குள்ள தண்ணி ஓடும்னு எனக்கென்ன தெரியும்?"

அவள் திறந்துகிடந்த பெட்டியைப் பார்த்தாள். மேலே, மெல்லிய தகடுகள் வரிசை வரிசையாக அடுக்கிய கறுப்புச் சட்டம். அடியில் மூன்று காற்றாடிகள்.

"அப்ப அவன் நிஜமாத்தான் கேட்டானா?"

"நிஜமாத்தான் அத்தை."

மாமியார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுது முடிய நேரமாயிற்று. முடிந்ததும் மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவருக்கு இது தெரிய வேண்டாம்மா. புள்ளை தன்னை நாலு பேர் முன்னாடி அசிங்கப்படுத்திட்டான்னு ஒரு கோவம் வெச்சிருக்காரு. அதைப் பிடிச்சுக்கிட்டுத்தான் நடமாடறாரு. அதுவும் பொய்னு தெரிஞ்சா மனுஷன் விழுந்துடுவாரு."

"ரேடியேட்டர் பார்சல் இன்னிக்கு வருது அத்தை."

"வரட்டும். நான் வாங்கி முந்தானைக்குள்ள மறைச்சுக் கொண்டாந்துடறேன். நீ கதவைச் சாத்திட்டு மாட்டிடு."

முழங்கை நீளப் பெட்டியை எந்த முந்தானைக்குள் மறைப்பாள் என்று மருமகள் கேட்கவில்லை.

மாமியார் காலை முழுக்க வாசலுக்கும் சமையலறைக்கும் நடையாய் நடந்தாள். கறிகாய்க்காரர் வந்தார், தபால்காரர் வந்தார், தெருக்கோடி வீட்டைத் தேடிக்கொண்டு யாரோ வந்தார்கள். பார்சல் வரவில்லை. சரி, ஒரு சொம்பு ஊற்றிக்கொண்டு வந்துவிடலாம் என்று அவள் குளியலறைக் கதவைச் சாத்தியதுதான் தாமதம், வாசல் மணி அடித்தது.

மாமனார்தான் போய் வாங்கினார்.

தலை ஈரத்தோடு மாமியார் ஓடிவந்தபோது பெட்டி சாப்பாட்டு மேசையில் இருந்தது. பிரிக்கவில்லை. அவர் எதிரில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். மருமகளும் அறைக்கதவைத் திறந்துகொண்டு வந்து நின்றாள்.

"என்னது இது?" என்றார் மனைவியிடம். மருமகளோடு அவர் நேராகப் பேசுவதில்லை. அவள் சாப்பிட்டாளா, அவளுக்குக் காய்ச்சல் விட்டுதா என்று எல்லாம் மனைவி வழியாகத்தான் கேட்பார்.

"ஏதோ கம்ப்யூட்டர் சாமான்" என்றாள் மாமியார்.

"என்ன சாமான்?"

மாமியார் மருமகளைப் பார்த்தாள். மருமகள் வாயில் என்ன வந்ததோ அதைச் சொன்னாள்.

"ஜன்னலுக்கு, மாமா."

அவர் பெட்டியைத் தூக்கி, ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார்.

"ஜன்னலுக்கு எதுக்கும்மா ரேடியேட்டர்?"

இரண்டு வருஷத்துக்கும் மேலாக யாரும் சொல்லாத சொல்லை அவரே சொன்னார். அதுவும் மருமகளை நேராகப் பார்த்து.

"இதைத் தூக்கித்தான் இந்த வீட்டுக்குச் சோறு போட்டேன். அட்டைப்பெட்டிக்குள்ள வெச்சா எனக்குத் தெரியாதா?"

மாமியார் நடுவில் வந்தாள். "எதுக்கு இப்ப அதெல்லாம்? நீங்க மாத்திரை போட்டீங்களா? வாங்க, சாப்பாடு எடுத்து வெக்கறேன்."

"நான் அவளைக் கேட்டேன்."

மருமகள் மாமியாரின் ஈரத் தலையையும் முகத்தில் தெரிந்த கெஞ்சலையும் பார்த்தாள். இனிமேல் எதைச் சொல்லி மூடுவது? அவளுக்குப் பொய் சொல்ல வராது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லத்தான் நினைத்தேன், ஆனால் அன்று சாயங்காலம் அவளே என்னைப் பொய்யனாக்கப்போகிறாள்.

"வந்து பாருங்க மாமா" என்றாள்.

மகன் இருந்தபோது அந்த அறைக்குள் அவர் காலெடுத்து வைத்ததில்லை. அவன் போன பிறகும் வரவில்லை. வாசற்படியில் ஒரு நிமிஷம் நின்றார். பிறகு வந்து, கம்ப்யூட்டர் பெட்டிக்கு முன்னால் தரையில் குந்தினார்.

விரலை ஒவ்வொன்றின்மேலும் கொண்டுபோனார்.

"இது பம்ப்."

"ஆமா மாமா."

"தண்ணித் தொட்டி. போற குழாய். வர்ற குழாய். இது..."

மேலே இருந்த கறுப்புச் சட்டத்தில் விரல் நின்றது.

"வண்டியேதான். எஞ்சின் மட்டும்தான் இல்ல. எதுக்கு இவ்வளவு சூடாகுது?"

"படம் பண்றதுக்கு மாமா. ஆஸ்பத்திரி கட்டடத்தோட படம்."

"படத்துக்கா? மலை ஏறற வண்டிக்குக்கூட இவ்வளவு வேண்டாமே." அவர் தகடுகளைத் தடவினார். எங்கேயோ ஒரு தகடு மடங்கியிருந்தது. நகத்தால் அதை நிமிர்த்திவிட்டார். "இதை எப்பப் போட்டான்?"

மாமியார் வாசலில் நின்று, "சோறு ஆறிப்போகுதுங்க" என்றாள்.

"எப்பப் போட்டான்னு கேட்டேன்."

"எனக்குக் கல்யாணம் ஆகறதுக்கு முன்னாடி மாமா. நீங்க... டிப்போவுலேருந்து வந்தீங்களே, அந்த சமயத்துல."

குந்தியிருந்தவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அப்ப அன்னிக்கு அவன் கேட்டது?"

மருமகள் அவருக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தாள்.

"கேலி இல்லையா?"

"இல்ல மாமா" என்றாள் மருமகள். "உங்களுக்குத்தான் தெரியும்னு கேட்டிருக்கார்."

விழுந்துவிடுவார் என்று மாமியார் சொன்னாளே, அவர் விழவில்லை. சட்டைக் கையை முழங்கைக்கு மேலே மடித்துவிட்டார்.

"இந்தக் குழாயைக் கழட்டாம அதை மாட்ட முடியாது. தண்ணியை வடிக்கணும். ஒரு பேசின் கொண்டா" என்றார் மனைவியிடம்.

மாமியார் எது கையில் கிடைத்ததோ அதை எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள். துணி அலசும் பேசின். சந்தோஷமா பயமா என்று அவளுக்கே புரியாத ஓட்டம்.

மருமகளுக்கு வேலை தெரியும். கணவனோடு உட்கார்ந்து நான்கைந்து முறை செய்தவள். அடியில் இருந்த குழாயைத் திறந்து தண்ணீரை வடித்தாள். லேசான நீலத்தில் வந்து விழுந்தது. அதில் அவன் கலந்த சாயம் இன்னும் மிச்சமிருந்தது. மாமனார் அதில் விரலை நனைத்து முகர்ந்தார்.

"என்ன ஊத்தியிருக்கான்?"

"டிஸ்டில்டு வாட்டர் மாமா. பாசி பிடிக்காம இருக்க ஒரு மருந்து. கொஞ்சம் கலர்."

"கலர் எதுக்கு?"

"அழகுக்குத்தான்."

அவர் ஒரு தரம் தலையாட்டினார். பேசினை அவர்கள் எடுத்துக் கொட்டிவிடாமல், தானே தூக்கி ஓரமாக, கால் படாத இடத்தில் வைத்தார்.

புது ரேடியேட்டரைப் பிரித்ததும் அவள் சொல்வதற்குள் அவரே குளியலறைக்குக் கொண்டுபோனார். உள்ளே பற்றவைத்தபோது தங்கிய அழுக்கு இருக்கும், அலசாமல் மாட்டினால் பம்ப்பைத் தின்றுவிடும் என்று இருவருக்கும் தெரியும். சுடுதண்ணீர் ஊற்றி, இரண்டு வாயையும் உள்ளங்கையால் அடைத்துக்கொண்டு, குலுக்கிக் குலுக்கி ஊற்றினார். தண்ணீர் தெளிவாக வந்த பிறகும் விடவில்லை. "போதும் மாமா" என்று அவள் சொல்ல வேண்டியிருந்தது.

முன்பக்கத்தில் காற்றாடிகளோடு சேர்த்து அதை முடுக்கினார்கள். அவள் குழாயை அளந்து வெட்டினாள், அவர் மூட்டுகளைத் திருகினார். "கை இறுக்கம் போதும் மாமா, ரப்பர் நசுங்கிடும்" என்றாள். "டிப்போவா இருந்தா ஸ்பானரால ஒரு திருகு திருகியிருப்பேன்" என்றார். அவர் அவளிடம் சொன்ன முதல் வேடிக்கைப் பேச்சு அதுதான். அவள் மாமியாரைத் திரும்பிப் பார்த்தாள். மாமியார் கதவுச் சட்டத்தில் சாய்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

தொட்டியில் தண்ணீரை ஊற்றி, கம்ப்யூட்டருக்கு மின்சாரம் போகாமல் பம்ப் மட்டும் ஓடும்படி வைத்தாள். தண்ணீர் குழாய்க்குள் பாய்ந்தது. தொட்டியில் மட்டம் இறங்க இறங்க ஊற்றிக்கொண்டே இருந்தாள். ஒவ்வொரு மூட்டுக்கு அடியிலும் டிஷ்யூ காகிதம். ஒரு சொட்டு கசிந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும்.

காகிதம் எல்லாம் காய்ந்தே இருந்தது. ஆனால் பம்ப் கரகரத்தது. குழாய்க்குள் குமிழிகள் வந்தபடி இருந்தன.

"காத்து" என்றார் மாமனார்.

அன்றைக்கு மகன் கேட்ட கேள்வி இதுதான் என்பது மூன்று பேருக்கும் தெரிந்திருந்தது. மருமகளுக்கு விடையும் தெரியும். பெட்டியைத் தூக்கிச் சாய்க்க வேண்டும். அதை அவள் சொல்லவில்லை. சொல்லாமல் காத்துக்கொண்டிருந்தாள்.

"வாய் மேல் பக்கம் வரணும்" என்றார் அவர், யாரையும் பார்க்காமல். "மூடியைத் திறந்தே வெச்சுட்டு ஓட விடணும். அப்புறம் தூக்கி இப்படிச் சாய்ச்சு, அப்படிச் சாய்ச்சு, கொஞ்சம் கொஞ்சமா. அவசரப்பட்டா வராது. காத்து எங்க நிக்குதுன்னு கேக்கணும். அவ்வளவுதாண்டா."

டா என்று முடிந்ததை அவர் கவனிக்கவில்லை. பெண்கள் இருவரும் கவனித்தார்கள்.

அவள் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம் பெட்டியைப் பிடித்துத் தூக்கினார்கள். முன்னால் சாய்த்தார்கள், பின்னால் சாய்த்தார்கள். அவர் தகடுகளின் மேல் காதை வைத்து, நடுவிரல் முட்டியால் தட்டித் தட்டிக் கேட்டார். ஒரு மூலையில் சத்தம் மாறிற்று. அந்த மூலையை மேலே தூக்கச் சொன்னார். பெரிய குமிழி ஒன்று தொட்டிக்குள் வந்து உடைந்தது.

"மாமா, அவரும் இப்படித்தான் செய்வார்."

"எப்படி?"

"காதை வெச்சு, இதே விரலால தட்டி. என்னத்தைக் கேக்கறீங்கன்னு நான் கேலி பண்ணுவேன்."

அவர் காதை எடுக்காமலே இருந்தார்.

"நான் சொல்லித் தரலையே அவனுக்கு."

"சின்ன வயசுல டிப்போவுக்குச் சாப்பாடு கொண்டாருவான் இல்ல" என்றாள் மாமியார் வாசலிலிருந்து. "நீங்க சாப்பிட்டு முடிக்கற வரைக்கும் அங்கதானே நிப்பான். அப்பப் பாத்திருப்பான்."

கரகரப்பு நின்றது. பம்ப் ஓடுவதே தெரியாமல் ஓடியது.

கம்ப்யூட்டரை உயிர்ப்பித்து, நின்றுபோன படத்தை விட்ட இடத்திலிருந்து ஓடவிட்டாள். நேற்றெல்லாம் விறுவிறுவென்று ஏறிய சூடு, இன்று பாதி தூரம் ஏறி அங்கேயே நின்றுகொண்டது. திரையில் ஆஸ்பத்திரியின் முன்வாசல் கட்டம் கட்டமாக வெளிச்சமாயிற்று. நாளைக் காலைக்குள் எல்லாப் படமும் முடிந்துவிடும் என்று அவளுக்கு நம்பிக்கை வந்தது.

மாமனார் சாப்பிட்டுவிட்டு வந்து மறுபடியும் அதே இடத்தில் உட்கார்ந்தார். முன்பக்கத்திலிருந்து வரும் வெதுவெதுப்பான காற்றில் கையைக் காட்டிக்கொண்டிருந்தார். வெயில் இறங்கி ஜன்னல் கம்பி நிழல் தரையில் நீளும்வரை அப்படியே இருந்தார். அவள் வேலையைப் பார்த்தாள். அவர் இருப்பது தொந்தரவாக இல்லை. இப்படி ஒரு மதியம் அவனும் இருக்கும்போது வந்திருக்கலாமே என்று நினைத்துக்கொண்டாள்.

"உன்னை ஒண்ணு கேக்கணும்" என்றார்.

"சொல்லுங்க மாமா."

"அவன் போறதுக்குக் கொஞ்ச நாள் முன்னாடி ஒரு ராத்திரி எங்க ரூம் வாசல்ல வந்து நின்னான். அப்பான்னு கூப்பிட்டான். ரெண்டு வருஷத்துக்கப்புறம். நான் முழிச்சுத்தான் இருந்தேன். கண்ணை மூடிக்கிட்டேன்."

அவள் நாற்காலியைத் திருப்பினாள்.

"இன்னொரு தடவை கூப்பிடட்டும்னு இருந்தேம்மா. ரெண்டாவது தடவை கூப்பிட்டா எழுந்திரிச்சுடலாம்னு இருந்தேன். அவன் கூப்பிடல. போயிட்டான்."

"மாமா..."

"என்ன கேக்க வந்தான்? உனக்குத் தெரியுமா?"

அவளுக்குத் தெரியும். இரண்டு தெரு தள்ளி அவர்கள் ஒரு சின்ன வீடு பார்த்து வைத்திருந்தார்கள். அம்மாவிடம் அவன் முன்பே சொல்லி, அவள் அழுது, கடைசியில் சம்மதித்திருந்தாள். அப்பாவிடம் சொல்லாமல் திருடன் மாதிரிப் போக மாட்டேன் என்று அந்த ராத்திரி எழுந்து போனான். உடனே திரும்பி வந்தான். "தூங்கறார். நாளைக்குச் சொல்லிக்கலாம்" என்று விளக்கை அணைத்தான். நாளைக்கு நாளைக்கு என்று அந்த வாரம் போயிற்று. அந்த வார முடிவில்தான் மழை பெய்தது.

உங்கள் மகன் உங்களை அப்பா என்று கடைசியாகக் கூப்பிட்டது இந்த வீட்டை விட்டுப் போகிறேன் என்று சொல்வதற்காக. இதை எப்படிச் சொல்வாள்? அதுவும் இன்றைக்கு, பிடித்துக்கொண்டு நின்ற கோபமும் மதியம் கையைவிட்டுப் போன மனுஷரிடம்? அவருக்கு ஆறுதலாக ஏதாவது ஒன்று கொடுக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றிற்று. நல்ல மனசோடுதான் தோன்றிற்று.

"ரெண்டாவது கார்டு வந்திருந்தது மாமா. தண்ணியை வடிச்சுட்டு மாட்டணும். பெட்டியைத் தனியாத் தூக்கிச் சாய்க்க முடியாது. அப்பாவை ஒரு கை பிடிக்கச் சொல்லலாம்னுதான் வந்தார்."

அவர் முகத்தில் முதலில் ஒரு வெளிச்சம் வந்தது. அதைப் பார்த்து அவளுக்கும் சற்று நிம்மதி.

"ஒரு கை பிடிக்கவா?"

"ஆமா மாமா."

"அவ்வளவுதானா கேக்க வந்தான்?"

வெளிச்சம் போய்விட்டது. அவர் தன் மடித்த சட்டைக் கையைப் பார்த்தார். "எழுந்து வந்திருந்தா இதோ, இன்னிக்குச் செஞ்ச மாதிரி..." என்று ஆரம்பித்தார். முடிக்க முடியவில்லை. மகனைத் தூக்கிக்கொண்டு போன அன்றுகூட இவர் அழவில்லை. கல்நெஞ்சக்காரர் என்று உங்களில் பலர் அப்போது எழுதியிருந்தீர்கள். இப்போது கம்ப்யூட்டர் பெட்டியில் நெற்றியை முட்டிக்கொண்டு, சின்னப் பிள்ளை அழுவது போலச் சத்தம் போட்டு அழுதார்.

மருமகள் எழுந்து நின்றாள். என்ன செய்வதென்று தெரியவில்லை. அவர் தோளைத் தொட உரிமை உண்டா இல்லையா என்றும் தெரியவில்லை. அறையை விட்டு வெளியே வந்தாள்.

மாமியார் அறை வாசலிலேயே நின்றிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். மருமகளின் மணிக்கட்டைப் பிடித்துச் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"வீட்டைப் பத்திச் சொல்லத்தானே அன்னிக்கு வந்தான்? ஏம்மா மாத்திச் சொன்னே?"

"அவர் தாங்க மாட்டார்னு நீங்கதானே அத்தை சொன்னீங்க. வீட்டை விட்டுப் போறேன்னு சொல்ல வந்தார்னு எப்படி அத்தை சொல்றது?"

"சொல்லியிருக்கலாம்மா" என்றாள் மாமியார். குரலில் கோபமே இல்லை. அதுதான் மருமகளுக்குத் தாங்கவில்லை. "போகப் பாத்தானா, போகட்டும்னு ரெண்டு நாள் கத்தியிருப்பாரு. கோவம் அவருக்குப் பழக்கம். அதை வெச்சுக்க அவருக்குத் தெரியும். ஒரு கை பிடிக்கக் கூப்பிட்டப்ப தூங்கற மாதிரி நடிச்சுட்டேன்னு இருக்கே, இதைக் கொண்டுபோய் அவர் எங்கம்மா வெப்பாரு?"

அறைக்குள் அழுகைச் சத்தம் அடங்கிக்கொண்டிருந்தது. காற்றாடிகள் ஓடுவது மட்டும் கேட்டது.

"நான் போய் நிஜத்தைச் சொல்லிடறேன் அத்தை."

"இப்பப் போய்ச் சொன்னா, எது நிஜம்னு அவர் நம்புவாரு?"

அவள் பதில் சொல்வதற்குள் அறையிலிருந்து மாமனார் கூப்பிட்டார். மனைவியைக் கூப்பிடவில்லை, மருமகளைத்தான் கூப்பிட்டார்.

"இங்க வாம்மா. அவன் வேற என்னெல்லாம் என்னைக் கேக்கணும்னு நெனச்சிருந்தான்? ஒண்ணு விடாம எல்லாத்தையும் சொல்லு."